கமிஷன் வந்தது, சட்டம் வரவில்லை! வீட்டுக்காக 5 வருஷம் போராடிய சியாட்டில்

“வீடு காலி” என்று போர்டு தொங்கும். போய்க் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். “இப்பத்தாங்க ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு” என்பார். கதவு சாத்தப்படும். அரை மணி நேரத்தில் வேறு நிறத்து ஆள் ஒருவர் வந்தால் அதே வீடு மறுபடியும் காலி!

இப்படி வருஷக்கணக்காக நடந்த ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் சியாட்டில். பசிபிக் கடலோரம், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். (தலைநகர் வாஷிங்டன் வேறு, அது எதிர்க் கோடியில் இருக்கிறது.) போயிங் விமானம் வளர்ந்த ஊர். அமேசான் கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கும் ஊர். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க் குடியேறியிருக்கும் ஊர்.

அந்த நகரத்தில் வீடு மறுக்கப்பட்டவர்களுக்காக ஒரு கமிஷன் இருக்கிறது. பெயர், மனித உரிமைக் கமிஷன். மெம்பர்களுக்குச் சம்பளம் கிடையாது. அது பிறந்ததே ஒரு ரகளையில்தான். விவரம் வருமாறு:-

தூங்க இடம் உண்டு, வாங்க உரிமை இல்லை!

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சியாட்டிலில் பல பேட்டைகளில் வீட்டுப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். இந்த வீட்டை வெள்ளைக்காரர் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, குடிவைக்கக்கூடாது என்பது நிபந்தனை. கறுப்பர், சீனர், ஜப்பானியர், சில பத்திரங்களில் யூதர் என்று எல்லோரையும் ஒதுக்கினார்கள்.

பல பத்திரங்களில் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. வேலைக்காரராக இருந்தால் தங்கலாம்! பாத்திரம் கழுவ, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் கறுப்பராக இருந்தால் பரவாயில்லை. அதே ஆள் காசு கொடுத்து வீடு வாங்க வந்தால் மட்டும் ஆகாது.

1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. இம்மாதிரி நிபந்தனைகளை எந்தக் கோர்ட்டும் அமுல்படுத்தக்கூடாது என்பது தீர்ப்பு. ஆனால் பத்திரத்தில் இருந்த எழுத்து அழியவில்லை. வீட்டுக்காரர் தாமாகவே மறுத்தால் அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை. வீட்டுத் தரகர் மறுப்பார். பாங்கு கடன் கொடுக்காது.

விளைவு என்ன? 1960-ல் சியாட்டிலின் ஜனத்தொகை ஐந்தரை லட்சத்துக்கு மேல். அதில் கறுப்பர்கள் சுமார் 27 ஆயிரம் பேர். இவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் ஒரே பேட்டையில் அடைந்து கிடந்தார்கள். “சென்ட்ரல் டிஸ்டிரிக்ட்” என்பது அந்தப் பேட்டையின் பெயர். கையில் காசு இருந்தாலும் அதைத் தாண்டி வர முடியாது.

தபால் ஊழியருக்கு நேர்ந்தது

இதற்கு ஓர் உதாரணம். 1959-ம் ஆண்டு ஒரு கறுப்பின தபால் ஊழியர் ஒரு வீட்டை வாங்க முன்வந்தார். வீட்டுக்காரர் கடலோரக் காவல்படை அதிகாரி. விற்க மறுத்துவிட்டார். அந்த வீடு மத்திய சர்க்காரின் உத்தரவாதத்தோடு கடன் வாங்கிய வீடு.

சர்க்கார் உதவி பெற்ற வீடுகளில் நிறம் பார்க்கக்கூடாது என்று 1957-லேயே மாநிலச் சட்டம் ஒன்று வந்திருந்தது. தபால் ஊழியர் அதைக் காட்டி மாநில வாரியத்தில் புகார் கொடுத்தார். வாரியம் அவர் பக்கம் நின்றது. வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் ஏறியது. 1961-ல் தீர்ப்பு வந்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். சர்க்கார் உதவி பெற்ற வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம், பெறாதவருக்கு வேறு என்று பிரித்தது செல்லாது என்று சொல்லி வீட்டுக்காரரை ஜெயிக்க வைத்தார்கள்.

எல்லார் வீட்டுக் கடிதத்தையும் கொண்டு சேர்க்கும் இலாகாவில் வேலை. தனக்கென்று ஒரு விலாசம் தேடிப் போனபோது ஒரே ஒரு ஓட்டில் வழக்குத் தோற்றுப்போனது!

12 பேரில் 2 பேர்

அதே 1961 நவம்பரில் மார்ட்டின் லூதர் கிங் சியாட்டில் வந்து பேசினார். அவர் அந்த ஊருக்கு வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அவரை வரவழைத்தவர் சாமுவேல் மெக்கின்னி என்ற பாதிரியார். மவுன்ட் சயன் என்ற சர்ச்சின் தலைவர். கிங்கோடு காலேஜில் படித்தவர்.

இதற்குப் பிறகு ஊர் சூடு பிடித்தது. “வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் போடுங்கள்” என்று மாநகர சபையைக் கேட்டார்கள். சபை இழுத்தடித்தது.

1963 ஜூலையில் பொறுமை தீர்ந்தது. சுமார் 400 பேர் நகர சபைக் கட்டடத்தின் முன்னால் கூடினார்கள். இளவட்டங்கள் சிலர் நேராக மேயர் ஆபீசுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நகரவில்லை. சியாட்டில் அதுவரை பார்க்காத தர்ணா அது.

மேயர் கார்டன் கிளின்டனும் கவுன்சிலர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சட்டத்துக்குப் பதில் கமிஷன்! மனித உரிமைக் கமிஷன் என்று ஒன்றை அந்த மாதமே அமைத்தார்கள். மெம்பர்கள் 12 பேர்.

பட்டியலைப் பார்த்ததும் சென்ட்ரல் டிஸ்டிரிக்டில் கொதிப்பு. 12 பேரில் கறுப்பர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 2 பேர்! “வீடு கிடைக்காதது எங்களுக்கு. அதைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் வேறு ஆட்களா?” என்பதுதான் கொதிப்புக்குக் காரணம்.

மறுபடி தர்ணா, மறுபடி கூட்டம். போலீஸ் வந்தது. 23 பேர் கைது ஆனார்கள். வீட்டு உரிமைக்காகப் போட்ட கமிஷனின் முதல் மாதமே லாக்கப்பில் முடிந்தது.

எழுதினார்கள், ஓட்டுக்கு விட்டார்கள்

ஆனாலும் கமிஷன் பொம்மையாக உட்கார்ந்துவிடவில்லை. மெக்கின்னி பாதிரியார் முதல் மெம்பர்களில் ஒருவர். கமிஷனின் நிர்வாகத்தைக் கவனித்தவர் பிலிப் ஹயசாகா என்ற ஜப்பானிய வம்சாவளிக்காரர். நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக்கூடாது என்று ஒரு சட்ட நகலைக் கமிஷன் தயாரித்துக் கொடுத்தது.

சபைக்குள்ளே இதற்காக வாதாடியவர் விங் லூக். சீனாவில் பிறந்து சின்ன வயதில் சியாட்டிலுக்கு வந்தவர். வக்கீல். 1962-ல் கவுன்சிலராக ஜெயித்தவர். அந்தச் சபைக்கு ஓர் ஆசியர் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

கவுன்சிலர்கள் நினைத்திருந்தால் அங்கேயே கையைத் தூக்கிச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கலாம். செய்யவில்லை. “ஜனங்களே முடிவு செய்யட்டும்” என்று ஓட்டுக்கு விட்டுவிட்டார்கள்!

வீட்டுத் தரகர்களும் அடுக்குமாடிக்காரர்களும் களத்தில் இறங்கினார்கள். “இது கட்டாயக் குடித்தனம். என் வீடு, என் இஷ்டம்” என்பது அவர்கள் பிரசாரம்.

1964 மார்ச் 10-ந் தேதி ஓட்டுப் பதிவு நடந்தது. முடிவு வருமாறு:-

சட்டம் வேண்டாம் என்றவர்கள்: 1,15,627
வேண்டும் என்றவர்கள்: 54,448

இரண்டுக்கு ஒன்று! அதே நாளில் நடந்த மேயர் தேர்தலில் ஜெயித்தவர் டோர்ம் பிரேமன். அவரும் இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்தான்.

கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் இருபது பேருக்கு ஒருவர்தான் கறுப்பர். அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்க உரிமை உண்டா என்று மீதி 19 பேரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? கமிஷன் இருந்தது. மெம்பர்கள் இருந்தார்கள். ஆபீஸ் இருந்தது. கதவைத் திறக்க வைக்கும் சட்டம் மட்டும் இல்லை. சட்டம் இல்லாத கமிஷன் புத்திமதி சொல்லலாம்; சமாதானம் பேசலாம். வீட்டுக்காரர் “முடியாது” என்றால் திரும்பி வர வேண்டியதுதான்.

இதற்கிடையே ஒரு சோகம். 1965 மே மாதம் விங் லூக் பயணம் செய்த சின்ன விமானம் மலைக்காட்டில் விழுந்து நொறுங்கியது. வீட்டு உரிமைக்காக உழைத்த தொழிலதிபர் சிட்னி கெர்பரும் அதே விமானத்தில் இருந்தார். இருவரும் பலி. சிதைந்த விமானத்தைக் கண்டுபிடிக்கவே 1968 வரை ஆயிற்று.

15 நாளில் வந்த சட்டம்

1967 தேர்தலில் சாம் ஸ்மித் மாநகர சபைக்குள் நுழைந்தார். சியாட்டிலின் முதல் கறுப்பின கவுன்சிலர். முன்பே மாநிலச் சட்டசபையில் மெம்பராக இருந்து இதே வீட்டுச் சட்டத்துக்காக வருஷக்கணக்கில் மன்றாடியவர்.

1968 ஏப்ரல் 4-ந் தேதி மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கா முழுக்க ஊர்கள் பற்றி எரிந்தன. ஏப்ரல் 11-ந் தேதி மத்திய சர்க்காரின் வீட்டு உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 19-ந் தேதி சியாட்டில் மாநகர சபை கூடியது. நாலு வருஷம் முன்னால் மூட்டை கட்டிப் போட்ட அதே விஷயம் மேஜைக்கு வந்தது. இந்தத் தடவை ஜனங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. எல்லாக் கவுன்சிலர்களும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அவசரச் சட்டம் என்பதால் உடனே அமுலுக்கு வந்தது. அப்போதும் மேயர் அதே பிரேமன்தான்!

கமிஷன் பிறந்தது 1963 ஜூலையில். சட்டம் வந்தது 1968 ஏப்ரலில். நடுவே 5 வருஷத்துக்கு 3 மாதம் குறைவு. அத்தனை நாளும் கேட்டபோது வராத சட்டம், ஒரு பிணம் விழுந்ததும் 15 நாளில் வந்தது.

மெம்பர்கள் என்ன செய்கிறார்கள்?

இப்போது சியாட்டிலில் புகார் எப்படி நடக்கிறது?

“சிவில் உரிமை ஆபீஸ்” என்று நகர நிர்வாகத்தில் ஓர் இலாகா இருக்கிறது. அங்கே சம்பளக்கார அதிகாரிகள் உண்டு. வீடு மறுக்கப்பட்டவர் சம்பவம் நடந்த ஒரு வருஷத்துக்குள் அங்கே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அதிகாரிகள் இரண்டு தரப்பையும் கேட்பார்கள். சாட்சிகளைப் பார்ப்பார்கள். காகிதங்களை வாங்கிப் படிப்பார்கள். நடுவிலேயே சமாதானம் ஆனால் சரி. இல்லாவிட்டால் “முகாந்திரம் உண்டு” அல்லது “இல்லை” என்று முடிவு சொல்வார்கள்.

“இல்லை” என்று சொல்லிவிட்டால்? அங்கேதான் கமிஷன் மெம்பர்கள் வருகிறார்கள். புகார் கொடுத்தவர் அவர்களிடம் அப்பீல் செய்யலாம். அதிகாரிகள் விசாரணையை ஒழுங்காக நடத்தினார்களா என்று மெம்பர்கள் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் யோசனை சொல்வதும் இவர்கள் வேலை. மெம்பர்களில் ஒரு பகுதியை மேயர் நியமிக்கிறார், ஒரு பகுதியைச் சபை நியமிக்கிறது. எல்லோரும் தொண்டர்கள். பகலில் சொந்த வேலை, மிச்ச நேரத்தில் கமிஷன் வேலை.

துப்பறியும் வேலையும் உண்டு. “டெஸ்டர்” என்று இரண்டு பேரைச் சிவில் உரிமை ஆபீஸ் அனுப்பும். இருவருக்கும் ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி உத்தியோகம் என்று ஏற்பாடு. நிறம் மட்டும் வேறு. ஒருவர் காலையில் போய் வீடு கேட்பார், இன்னொருவர் பிற்பகலில். ஒருவருக்கு “இருக்கு, வந்து பாருங்க” என்றும் இன்னொருவருக்கு “முடிஞ்சு போச்சு” என்றும் பதில் வந்தால் வீட்டுக்காரர் மாட்டினார். மப்டி போலீஸ் மாதிரிதான்!

சட்டமும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1975-ல் ஆண்-பெண் பேதம், கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, ஓரினச் சேர்க்கையாளரா, எந்த அரசியல் கருத்துக்காரர் என்பதெல்லாம் பார்க்கக்கூடாது என்று சேர்த்தார்கள். 1979-ல் வயதும், பிள்ளை குட்டி இருப்பதும் சேர்ந்தன. “குழந்தைங்க இருக்கா? அப்ப வேண்டாம்” என்று அங்கே சொல்லக்கூடாது. 1986-ல் உடல் ஊனம் சேர்ந்தது. 1989-ல் சர்க்கார் கொடுக்கும் வாடகை உதவிச் சீட்டை வைத்திருக்கிறார் என்பதற்காக மறுக்கக்கூடாது என்று வந்தது.

1978-ல் ஓரினச் சேர்க்கையாளருக்குக் கொடுத்த பாதுகாப்பைப் பிடுங்க ஒரு கும்பல் முயன்றது. மறுபடி ஓட்டு! ஆனால் 1964 மாதிரி நடக்கவில்லை. ஜனங்கள் பெருவாரியாக “பிடுங்காதே” என்று ஓட்டுப் போட்டார்கள். 14 வருஷத்தில் ஊர் மாறியிருந்தது.

ஜாதியும் சேர்ந்தது!

2023 பிப்ரவரி 21-ந் தேதி நடந்தது நம்ம ஜனங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அன்றைக்குச் சியாட்டில் மாநகர சபை அந்தப் பட்டியலில் “ஜாதி” என்ற சொல்லையும் சேர்த்தது. ஆதரவு 6, எதிர்ப்பு 1. அமெரிக்காவில் எந்த நகரமும் அதுவரை செய்யாத காரியம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கவுன்சிலர் க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். உயர்ஜாதி என்று சொல்லப்படும் வீட்டுப் பெண்தான். தமிழ்க் குடும்பத்து தலித் பெண்மணியான தேன்மொழி சௌந்தரராஜனின் அமைப்பும், அம்பேத்கர் சங்கங்களும் இதற்காகப் பாடுபட்டன.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. “இது இந்தியர்களை, அதிலும் இந்துக்களைத் தனியாகச் சுட்டிக்காட்டிக் குற்றவாளி ஆக்குகிறது” என்றன சில இந்து அமைப்புகள். “யாரையும் சுட்டவில்லை. ஜாதி பார்த்து மறுப்பதைத்தான் தடுக்கிறோம்” என்றார்கள் ஆதரவாளர்கள். சபைக்கு வெளியே இரண்டு தரப்பும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றன.

இப்போது சியாட்டிலில் ஒரு வீட்டுக்காரர், “நீங்க எந்த ஊரு? உங்க குலதெய்வம் எது? மாமா பேர் என்ன?” என்று சுற்றி வளைத்துக் கேட்டு, ஜாதியைத் தெரிந்துகொண்டு வீடு இல்லை என்றால், குற்றம். புகார் கொடுக்கலாம். ஆபீசிலும் அப்படித்தான், ஓட்டல், கடைகளிலும் அப்படித்தான்.

அதே வருஷம் செப்டம்பரில் கலிபோர்னியாவில் உள்ள பிரெஸ்னோ நகரமும் ஜாதித் தடையைக் கொண்டுவந்தது. ஆனால் கலிபோர்னியா மாநிலம் முழுமைக்கும் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவில் கவர்னர் நியூசம் அக்டோபரில் கையெழுத்துப் போட மறுத்தார். இருக்கிற சட்டமே போதும் என்பது அவர் சொன்ன காரணம்.

கதவு திறந்தது, விலை ஏறியது

இத்தனை சட்டம் வந்தாச்சு, எல்லாருக்கும் வீடு கிடைச்சாச்சா? இல்லை என்பதுதான் உண்மை.

சென்ட்ரல் டிஸ்டிரிக்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ஐ ஒட்டி அங்கே பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பர்கள். வேறு எங்கும் போக முடியாமல் அடைந்தவர்கள். இன்று அங்கே கறுப்பர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வளர்ந்தன. வீட்டு விலை மலைபோல் ஏறியது. வாடகை கொடுக்க முடியாமல் பலர் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். அன்றைக்கு அந்தப் பேட்டையை விட்டு வெளியே போக விடவில்லை. இன்றைக்கு உள்ளே இருக்க முடியவில்லை.

அன்றைக்கு மற்ற பேட்டைகளில் சல்லிசாக வீடு வாங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அந்த வீட்டை விற்றுப் பணம் பார்க்கிறார்கள். வாங்கவே விடாதவர்களின் பேரப் பிள்ளைகளிடம் விற்க என்ன இருக்கிறது?

இதற்கு ஈடு செய்ய வாஷிங்டன் மாநிலம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. பழைய பத்திர நிபந்தனைகளால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் முதல் வீடு வாங்கும்போது கட்ட வேண்டிய முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் உண்டு. 2024 ஜூலையில் திட்டம் தொடங்கியது. பணம் எங்கிருந்து வருகிறது? சொத்துப் பத்திரம் பதியும்போது வசூலிக்கும் 100 டாலர் கட்டணத்திலிருந்து வருகிறது. எந்தப் பத்திரத்தில் எழுதி ஒதுக்கினார்களோ, அதே பத்திர ஆபீஸ் இன்று பணம் கட்டுகிறது!

இந்தக் கடனுக்கு மனுப் போடுகிறவர் ஒரு விஷயத்தை நிரூபிக்க வேண்டும். தானோ, தன் பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ, அவர்களின் பெற்றோரோ 1968 ஏப்ரலுக்கு முன்னால் அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். மத்திய சர்க்காரின் வீட்டு உரிமைச் சட்டம் வந்த மாதம் அது. சியாட்டில் சட்டம் வந்ததும் அதே மாதம்தான்.

கமிஷனின் முதல் மெம்பர்களில் ஒருவரான மெக்கின்னி பாதிரியார் 2018 ஏப்ரலில் காலமானார். வயது 91. சட்டம் வந்து கிட்டத்தட்ட 50 வருஷம் ஆகியிருந்தது.

1963-ல் 23 பேர் கைதானது சட்டத்துக்காக மட்டும் அல்ல. கமிஷன் மேஜையைச் சுற்றிப் போட்ட 12 நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்காகவும்தான். சம்பளம் இல்லாத அந்த நாற்காலிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஜாதியைச் சொல்லி வீடு மறுத்தார்கள் என்று நாளைக்கு ஒரு புகார் வந்து, அதிகாரிகள் “முகாந்திரம் இல்லை” என்று கட்டை மூடினால், அப்பீல் போவது அந்த மேஜைக்குத்தான். அதில் உட்காருகிறவர்களில் ஒருவருக்காவது குலதெய்வத்தை ஏன் கேட்டார்கள் என்பது புரிய வேண்டும்.